1952 கோடு பழவேற்காட்டுச் சேற்றில் தெரியுமா? ஆந்த்ரோபோசீன் குறித்த விவாத இழை

#1 ஆரணிக்கரை

மனிதச் செயலால் பூமி புதிய புவியியல் காலத்துக்குள் வந்துவிட்டது என்ற ஆந்த்ரோபோசீன் முன்மொழிவு நிராகரிக்கப்பட்ட செய்தியை வைத்துக்கொண்டு, "மனிதனால் பூமி மாறவில்லை என்று புவியியலாளர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று இங்கே இரண்டு மூன்று இழைகளில் எழுதியிருக்கிறார்கள். யாரும் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. வாக்கெடுப்பில் கேட்கப்பட்ட கேள்வியே வேறு. அதனால் முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

2000-இல் மெக்சிகோவின் குயர்நவாக்கா நகரில் நடந்த கூட்டத்தில் பால் கிரட்சன், நாம் ஹோலோசீனில் (கடைசிப் பனிக்காலத்துக்குப் பிந்தைய காலம்) இல்லை, ஆந்த்ரோபோசீனில் இருக்கிறோம் என்றார். ஓசோன் வேதியியலுக்காக 1995-இல் நோபல் பெற்றவர் அவர். ஏரி உயிரியலாளர் யூஜின் ஸ்டோர்மர் அந்தச் சொல்லை முன்பே பயன்படுத்தி வந்ததால் இருவரும் அதே ஆண்டு சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். 2009-இல் ஆந்த்ரோபோசீன் பணிக்குழு அமைந்தது. 2019-இல் அக்குழுவின் 34 பேரில் 29 பேர், இதை அடுக்கியல் (பாறை, சேற்று அடுக்குகளை வைத்துக் காலம் பிரிக்கும் துறை) அலகாகவே கொள்ளலாம், தொடக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வைக்கலாம் என்றார்கள். 12 இடங்களை ஒப்பிட்டு, 2023 ஜூலையில் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள கிராஃபோர்டு ஏரியைத் தேர்ந்தார்கள். புளூட்டோனியம் ஏறத் தொடங்கும் 1952-ஆம் ஆண்டுப் படிவு எல்லையாக முன்மொழியப்பட்டது.

பணிக்குழுவுக்கு மேலே குவாட்டர்னரி துணை ஆணையம், அதற்கு மேலே பன்னாட்டு அடுக்கியல் ஆணையம், உச்சியில் பன்னாட்டுப் புவியியல் அறிவியல் ஒன்றியம். ஒவ்வொரு படியிலும் 60 விழுக்காடு ஆதரவு வேண்டும். முன்மொழிவு இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டது. எதிர்ப்பு 12, ஆதரவு 4, நடுநிலை 2. வாக்கெடுப்பு முறை பற்றித் துணை ஆணையத்துக்குள்ளேயே முறையீடு எழுந்தது. ஆனாலும் 2024 மார்ச் 20-இல் மேல் அமைப்புகள் முடிவை உறுதிசெய்தன.

என் கேள்வி இதுதான். கிராஃபோர்டில் காட்டிய அடையாளங்களை நம் மாநில எல்லையோர நீர்நிலைகளில் படிக்க முடியுமா? பழவேற்காடு, பூண்டி, அந்தப் பக்கம் தேக்கடி. எது தாங்கும், எது தாங்காது? கையில் செய்யக்கூடிய அளவில் பேசுவோம்.

#2 ஜீரோபாயின்ட் ஊத்துக்கோட்டை

நல்ல தொடக்கம், ஐயா. இறங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அடுக்கியலில் ஒவ்வொரு காலத்துக்கும் இரட்டைப் பெயர் உண்டு. கடந்துபோன நேரம் ஒன்று, அந்த நேரத்தில் படிந்த பாறையோ சேறோ இன்னொன்று. எல்லை வைப்பது பாறையில்தான். உலகில் ஏதோ ஒரு இடத்தில், ஒரு படிவில், ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் ஆணி அடித்ததுபோல் ஒரு புள்ளி. அதை ஜி.எஸ்.எஸ்.பி. என்பார்கள், "தங்க ஆணி" என்றும் சொல்வதுண்டு. முதல் ஆணி 1972-இல் செக் நாட்டின் குளோங்க் என்ற இடத்தில், சிலூரியனுக்கும் டெவோனியனுக்கும் நடுவே அடிக்கப்பட்டது.

ஹோலோசீனின் ஆணி சேற்றில்கூட இல்லை, பனியில் இருக்கிறது. கிரீன்லாந்தின் நார்த்கிரிப் பனித்துளைத் தண்டில் (துளையிட்டு எடுத்த பனி உருளையில்) 1492.45 மீட்டர் ஆழம். 2000-ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் 11,700 ஆண்டுகளுக்கு முன். 2008-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. 2018-இல் ஹோலோசீனை மூன்றாகப் பிரித்தபோது கடைசிப் பகுதியின் ஆணி மேகாலயாவின் மாவ்ம்லு குகைச் சுண்ணப்படிவில் விழுந்தது, 4,250 ஆண்டுகள். இன்று நாம் வாழும் காலத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயரே மேகாலயன்தான். நம் பாடநூல்களில் இது இன்னும் பெரிதாக வர வேண்டும்.

ஆந்த்ரோபோசீன் தேறியிருந்தால் ஹோலோசீன் 1952-இல் முடிந்ததாக ஆகியிருக்கும். புதிய காலத்தின் முதல் பகுதிக்குக் கிராஃபோர்டியன் என்று பெயர் வைக்கத் திட்டம். வாக்களித்தவர்கள் எடை போட்டது இதைத்தான்: 70 சொச்சம் ஆண்டுப் படிவுக்காக ஹோலோசீனை மூடிவிடலாமா?

#3 அத்திரம்பாக்கம் செம்மண்

மூடக்கூடாது என்பதே என் பக்கம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில் அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவி கண்டெடுத்த இடம். அங்குள்ள அச்சூலியன் (பழங்கற்காலத்தின் தொடக்க வகை) கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியானது. அதன் மேலடுக்குகளில் இடைப்பழங்கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டு அளவிலேயே தொடங்குவதாக 2018-இல் வந்தது. படிவுக்குள் மனிதன் போட்டுவிட்டுப் போனது அப்போதே இருக்கிறது.

வேளாண்மையை எடுத்துக்கொண்டாலும் காலநிலை அறிஞர் வில்லியம் ருடிமன் வாதம் உண்டு. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து காடழிப்பால் கரியமில வாயுவும், 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து நெல் வயல்களால் மீத்தேனும் இயற்கைப் போக்கை விட்டு ஏறத் தொடங்கின என்கிறார். 2015-இல் சைமன் லூயிசும் மார்க் மாஸ்லினும் 1610-ஐ முன்வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் மக்கள் மடிந்து காடு திரும்பியதால் பனித்தண்டில் கரியமில வாயு சரிந்த ஆண்டு அது.

இவ்வளவையும் தள்ளிவிட்டு 1952 என்றால், நிலத்தைத் திருத்திய உழவனும் ஏரி வெட்டியவனும் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். அதனால்தான் ஃபிலிப் கிப்பார்டு, எர்ல் எல்லிஸ் போன்றவர்கள் இதைக் கால அலகாக வைக்காமல் ஒரு "நிகழ்வு" என்று கொள்ளச் சொல்கிறார்கள். இடத்துக்கு இடம் வெவ்வேறு வேளையில் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பது. பூமியின் காற்றில் ஆக்சிஜன் ஏறியதையும் நிகழ்வு என்றுதானே சொல்கிறோம், அதற்கு யாரும் ஆணி கேட்கவில்லையே.

இன்னொன்று. அதே கிராஃபோர்டு ஏரிச் சேற்றிலேயே 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையான அடுக்குகளில் மக்காச்சோள மகரந்தம் வருகிறது. கரையில் இரோகுவாயப் பூர்வகுடி மக்களின் ஊர் இருந்தது. 1952-க்குக் கீழேயும் மனிதன்தான்.

#4 ஆரணிக்கரை

அண்ணா, கடைசிப் பத்தியை முழுதாக ஏற்கிறேன். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாக்கம் எப்போது தொடங்கியது என்பது ஒரு கேள்வி. உலகெங்கும் ஒரே வேளையில் விழுந்த அடையாளம் எது என்பது வேறு கேள்வி. அடுக்கியலுக்கு வேண்டியது இரண்டாவதுதான். கைக்கோடரி அத்திரம்பாக்கத்தில் ஒரு காலம், ஐரோப்பாவில் வேறொரு காலம். உழவும் அப்படித்தான், பல ஆயிரம் ஆண்டு முன்பின். அதில் கோடு இழுத்தால் கோடு ஊருக்கு ஊர் சாயும்.

புளூட்டோனியம் சாயாது. 1945 ஜூலை 16 டிரினிட்டி வெடிப்பின் துகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் விழுந்தது. 1952 நவம்பர் 1-இல் எனிவெட்டாக் தீவில் வெடித்த முதல் ஹைட்ரஜன் குண்டு துகளை அடுக்குமண்டலத்துக்கே தூக்கி எறிந்தது. அங்கிருந்து ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்க இறங்கியது. 1963 பகுதித் தடை உடன்பாட்டை ஒட்டி உச்சம், பிறகு சரிவு. ஏறுமுகமும் உச்சமும் இரண்டுமே படிவில் தெரியும். புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,110 ஆண்டு. அடுத்த ஒரு லட்சம் ஆண்டுக்குத் தேடுபவர்களுக்குக் கிடைக்கும்.

நிகழ்வு என்ற வாதத்தை எதிர்க்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

#5 சூளூர்ப்பேட்டை வடகரை

கொள்கை போதும், சேற்றுக்கு வருவோம். பழவேற்காட்டை எல்லை இடமாக நினைத்தால் ஏமாற்றம்தான். காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, ஆழம். பெரும்பகுதி இடுப்பளவு கூட இல்லை. காற்று அடித்தாலே அடிச்சேறு கலங்கும். கிராஃபோர்டு ஏரி 2.4 ஹெக்டேர்தான், ஆனால் ஆழம் சுமார் 24 மீட்டர். அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை. அதனால் கோடையில் வெள்ளைச் சுண்ணப் படலம், பிறகு கருத்த கரிமப் படலம் என்று ஆண்டுக்கு ஒரு ஜோடி கலையாமல் நிற்கிறது. மர வளையம் எண்ணுவதுபோல் எண்ணலாம்.

இரண்டு, உயிர்கள். நண்டு, இறால், மட்டி, புழு எல்லாம் சேற்றைக் குடைந்துகொண்டே இருக்கும். போதாததற்குப் பாடுகளில் (மீனவர்கள் முறைவைத்து வலை ஊன்றும் இடங்கள்) வலைக்காக ஊன்றும் கழிகள், கையால் இறால் தடவிப் பிடிப்பது. மேல் 10 செ.மீ. கலந்துபோயிருந்தால், ஆண்டுக்கு 3 மி.மீ. படியும் இடத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் ஒரே கூழாகக் கிடக்கிறது என்று பொருள். உச்சம் தட்டையாகும், ஏறுமுகம் கீழே வழியும். அப்போது 1952 தன் இடத்துக்குக் கீழே, ஏதோ 1940 போலத் தெரியும்.

மூன்று, எங்கள் பக்கம். தடா, சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே கோடையில் ஏரி வற்றி உப்புத் தரையாகிவிடும். வெடிப்பு விழும். அடுத்த மழையில் மேல் மண் வெடிப்புக்குள் இறங்கும். அந்தச் சேற்றுத் தண்டில் ஈயம்-210 (ஆழம் கூடக்கூடக் குறைந்து சேற்றின் வயதைச் சொல்லும் கதிரியக்க ஈயம்) வரைபடம் படிக்கட்டு மாதிரி வரும், எதையும் நம்ப முடியாது. ஸ்ரீஹரிகோட்டா சாலையும் ஏரியைக் குறுக்கே வெட்டுகிறது. சாலைக்கு வடக்கும் தெற்கும் இன்று நீரோட்டம் வேறு, படிவு வேகமும் வேறு. ஒரு பக்கத் தண்டை மறுபக்கத்துக்குப் பொருத்தக்கூடாது.

நான்கு, உப்பு. அணுவெடிப்புத் துகளோடு விழுந்த சீசியம்-137 களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நன்னீர் ஏரிகளில் நம்புகிறோம். உவர்நீரில் சோடியமும் பொட்டாசியமும் போட்டிக்கு வந்து அதைப் பெயர்த்துவிடும். உவர்நீரில் சீசியம் உச்சம் தெரியவில்லை என்பதை வைத்து 1963 அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

#6 சேற்றுக்குழாய்

வடகரை சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் பழகுவதற்குப் பழவேற்காட்டை விட எளிய இடம் கிடையாது. படகில் போய் நின்ற நிலையிலேயே தண்டு எடுக்கலாம். எல்லை ஆணி வேண்டாம், அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றால் போதும். முறையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே தவறுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை, குழாய் இறக்கும்போதுதான்.

குழாய்: உள்விட்டம் 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஒல்லிக் குழாயில் உள்சுவர் உராய்வு அதிகம். ஒரு கட்டத்துக்கு மேல் சேறு உள்ளே ஏறாது, பக்கவாட்டில் ஒதுங்கும். 1.5 மீட்டர் நீளம், கீழ் விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவிக் கூராக்கிக்கொள்ளுங்கள். நெகிழித் துகள் எண்ணுவதாக இருந்தால் பி.வி.சி. வேண்டாம், அலுமினியம் எடுங்கள். பி.வி.சி.தான் கிடைக்கிறது என்றால் கணக்கில் பி.வி.சி. துகளை விட்டுவிடுங்கள்.

இறக்குவது: சுத்தியலால் அடிக்காதீர்கள், மேல் சேறு குலுங்கிப் போகும். இரண்டு பேர் பிடித்து மெதுவாக, நிறுத்தாமல் அழுத்த வேண்டும். குழாய் நின்றதும் இரண்டு அளவு எடுக்கவும். வெளியே குழாய் எவ்வளவு இறங்கியது, உள்ளே சேற்று மட்டம் எங்கே. குழாய் 110 செ.மீ. இறங்கி உள்ளே 92 செ.மீ. சேறு இருந்தால் 18 செ.மீ. குறைவு. இந்த எண்ணைக் குறிக்காமல் கொண்டுவரும் தண்டு குப்பைக்குத்தான். சமமாகக் குறைந்தது என்று கொண்டால் தண்டில் 1 செ.மீ. என்பது தரையில் 1.2 செ.மீ. உண்மையில் சமமாகக் குறையாது, மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. அதனால்தான் இறக்கும்போதே ஒவ்வொரு 20 செ.மீ.க்கும் உள்மட்டம் பார்க்கச் சொல்வது.

எடுப்பது: மேலே தண்ணீர் நிரப்பி ரப்பர் அடைப்பான் போட்டு இறுக்கியபின்தான் தூக்க வேண்டும். நுனி நீரை விட்டு வெளிவருவதற்கு முன்பே கீழே கை கொடுத்து அடைப்பு. பிறகு மேல்நீரைச் சிறு குழாயால் உறிஞ்சி, பூக்கடையில் கிடைக்கும் பச்சை நுரைக்கட்டியை வெட்டிச் சேற்றின் மேல் உட்கார வையுங்கள். கரை சேரும்வரை குழாய் நட்டமாகவே இருக்க வேண்டும். ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனால் மேல் 5 செ.மீ. போயே போச்சு.

வெட்டுவது: மேல் 30 செ.மீ.க்கு 1 செ.மீ. வில்லைகள், அதற்குக் கீழே 2 செ.மீ. ஒவ்வொரு வில்லையிலும் குழாயை ஒட்டிய 3 மி.மீ. ஓரத்தைச் சீவி எறியுங்கள். இறங்கும்போது மேல்சேறு ஓரமாகக் கீழே இழுபட்டிருக்கும். ஈர எடை, 60 பாகையில் உலர்த்திய எடை இரண்டும் வேண்டும். பாதரசம் பார்க்கப்போகிறவர்கள் சூடாக்கவே வேண்டாம், உறைய வைத்து உலர்த்துங்கள்.

கணக்கு: ஈயம்-210 அரை ஆயுள் 22.3 ஆண்டு. மண்ணில் எப்போதும் உள்ள அடிப்படை அளவைக் கழித்தபின் மிஞ்சும் உபரி ஒவ்வொரு 6 செ.மீ.க்கும் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 22.3-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.27 செ.மீ. 1952 முதல் 2025 வரை 73 ஆண்டு, ஆக கோடு ஏறத்தாழ 19.6 செ.மீ. ஆழத்தில். படிவு வேகம் மாறியிருந்தால் இந்த எளிய கணக்கு உடைந்துவிடும். ஆப்பிள்பியும் ஓல்டுஃபீல்டும் 1978-இல் தந்த மாறா வரத்து முறைக்கு (உபரி ஈயம் ஆண்டுதோறும் ஒரே அளவில் வந்து சேர்கிறது என்று கொள்வது) போக வேண்டும். அதற்குத் தண்டு உபரி முற்றிலும் தீரும் ஆழம்வரை இருக்க வேண்டும். பாதியில் முடிந்த தண்டில் அந்த முறையைப் போட்டால் கீழ் வயதெல்லாம் கூடுதலாக வரும்.

மேல் வில்லை தப்பிப் பிழைத்ததா என்று அறிய பெரிலியம்-7 பாருங்கள். அரை ஆயுள் 53 நாள்தான். முதல் வில்லையில் அது இருந்தால் இந்த ஆண்டுச் சேறு கைக்கு வந்திருக்கிறது.

#7 கருமணல் குமரி

காமா அளவீடு பற்றிச் சேர்க்கிறேன். மணவாளக்குறிச்சி, சவறா பக்கத்துக் கடற்கரைச் சேறு யாராவது எடுத்தால் கவனம். மோனசைட் மணலில் தோரியம் நிறைய. தோரியத் தொடர் ஈயம்-210 தராது, அது யுரேனியத் தொடரின் பிள்ளை. ஆனால் பின்னணி இரைச்சலை ஏற்றிவிடும்.

சீசியம்-137 கோடு 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தோரியத் தொடரின் தாலியம்-208 கோடு 583-இல், ரேடியத் தொடரின் பிஸ்மத்-214 கோடு 609-இல். சோடியம் அயோடைடு உணரி இவற்றைப் பிரிக்காது. 662-இல் அதன் கோடே சுமார் 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலம். கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதில் "சீசியம் தெரிகிறது" என்று வரும் மேடு பாதி பிஸ்மத்தாக இருக்கும். உயர்தூய்மை ஜெர்மேனியம் உணரி கட்டாயம். 10 முதல் 20 கிராம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் மூன்று நாள் எண்ண வேண்டும். 1963-இல் விழுந்த சீசியத்தில் இன்று நான்கில் ஒரு பங்குதான் மிச்சம். அதோடு நாம் இருக்கும் தாழ் அட்சரேகையில் நடு அட்சரேகை நாடுகளை விட வீழ்ச்சியே குறைவு.

ஈயம்-210 கோடு 46.5-இல். அவ்வளவு மெலிந்த கதிரை மாதிரியே விழுங்கிக்கொள்ளும். கனமணல் இருந்தால் இன்னும் அதிகம். தன்னுறிஞ்சல் திருத்தம் இல்லாத எண்ணை ஏற்கக்கூடாது. அடிப்படை அளவைக் கழிக்க ரேடியம்-226 வேண்டும் என்பதால் மாதிரியைக் காற்றுப்புகாமல் மூடி மூன்று வாரமாவது வையுங்கள். ரேடான் வெளியேறினால் அடிப்படை குறைவாகத் தெரியும், உபரி பொய்யாக ஏறும், சேறு இளமையாகத் தோன்றும்.

#8 ஜீரோபாயின்ட் ஊத்துக்கோட்டை

இப்படி ஒரு கேள்வி வரும், முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். கல்பாக்கம் 1980-களிலிருந்து ஓடுகிறது. புளூட்டோனியம் கிடைத்தால் அது உலகளாவிய வீழ்ச்சியா, உள்ளூரா என்று எப்படிப் பிரிப்பது?

#9 கருமணல் குமரி

240-க்கும் 239-க்கும் உள்ள விகிதம் சொல்லும். உலகளாவிய வீழ்ச்சியில் அது சுமார் 0.18. உலை எரிபொருளில் 240-இன் பங்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும். எந்த உலையிலிருந்தும் ஏதோ வந்தது என்று நான் சொல்லவில்லை, பிரிக்க வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ஆல்ஃபா அளவீட்டில் இந்த விகிதம் கிடைக்காது, இரண்டின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் அறிக்கைகளில் "239+240" என்று சேர்த்தே போடுகிறார்கள். அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானி வேண்டும். விலை அதிகம் என்பதால் எல்லா வில்லைக்கும் செய்ய முடியாது. ஈயம்-210 கணக்கு 1952 என்று சொல்லும் ஆழத்துக்கு மேலும் கீழும் நான்கு நான்கு வில்லை, அவ்வளவு போதும்.

#10 குமுளிமேடு

தேக்கடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணிக்குழு பார்த்த 12 இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் சியர்ஸ்வில் ஏரி. இயற்கை ஏரி இல்லை, 1892-இல் கட்டிய அணையின் நீர்த்தேக்கம். முல்லைப்பெரியாறு அணை 1895. மூன்றே ஆண்டு வித்தியாசம்! ஒரே வகைச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

அணை ஏரியின் பெரிய வசதி, கீழ் எல்லை கையோடு கிடைக்கிறது. தண்டு ஏரிச்சேற்றைத் தாண்டிப் பழைய காட்டு மண்ணைத் தொட்டதும் நிறம், வேர், சருகு எல்லாம் மாறும். அந்த மட்டம் 1895. அதில் மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 2025 வரை 130 ஆண்டு. படிவு ஒரே சீராக இருந்திருந்தால் 1952 கோடு மேலிருந்து 56 விழுக்காடு ஆழத்தில் இருக்க வேண்டும். ஈயம்-210 சொல்லும் ஆழமும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இரண்டுக்கும் சாட்சி கிடைத்துவிடும். பழவேற்காட்டில் இந்த வசதி இல்லை.

கெடுப்பவை: நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓரப்பகுதியில் எடுக்காதீர்கள், காய்ந்து அரிந்து இடைவெளி விழுந்திருக்கும். ஆறு நுழையும் முனையும் வேண்டாம், அங்கே ஒரே வெள்ளத்தில் ஒரு சாண் மணல் விழும். பழைய பள்ளத்தாக்கின் ஆழமான நடுப்பகுதிதான் சரி. அங்கே குழாயை நின்று அழுத்த முடியாது, எடை வைத்து விழும் தண்டெடுப்பான் வேண்டும். அதோடு அது புலிகள் காப்பகம். கேரள வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடிச் சேறுகூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

#11 அத்திரம்பாக்கம் செம்மண்

பூண்டியில் 1944 அணை. கீழ் எல்லைக்கும் 1952-க்கும் எட்டே ஆண்டு. கோடு காட்டு மண்ணை ஒட்டியே விழும், கலந்துபோக வாய்ப்பு அதிகம். ஆனால் பூண்டிக்கு வேறொரு கதை இருக்கிறது. 1996 முதல் கிருஷ்ணா நீர் கண்டலேறு கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டில் எல்லை தாண்டி வந்து பூண்டியில் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிரப் பக்கம் பிறந்த ஆற்றின் நீர் கொசஸ்தலையாற்றுப் படுகையில்! இதைச் சேற்றில் காட்ட முடிந்தால், அணுகுண்டை விட இதுதான் மனிதன் பூமியை மாற்றியதற்கு நேரான சான்று என்பேன்.

#12 சேற்றுக்குழாய்

ஆசை நல்லது, செம்மண் அண்ணா, ஆனால் வழியில் ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு என்று மூன்று தேக்கங்கள் இருக்கின்றன. கிருஷ்ணாவின் கரிசல் களி பெரும்பகுதி அங்கேயே உட்கார்ந்துவிடும். பூண்டிக்கு வருவது ஏறக்குறைய தெளிந்த நீர், அதோடு கால்வாய்க் கரை அரித்த உள்ளூர் மண். களிமண் கனிமத்தில் மாற்றம் தெரிந்தாலும் அதைக் கிருஷ்ணா என்று பெயரிட முன் கால்வாய்க்கரை மண்ணையும் அளந்து ஒப்பிட்டாக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, எல்லா ஊர் ஏரிக்கும். வண்டல் எடுத்த ஏரியில் தண்டு எடுக்காதீர்கள். நம் பக்கம் காலங்காலமாகக் கோடையில் வண்டலை வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவது வழக்கம். 2017-க்குப் பிறகு குடிமராமத்தில் பொக்லைன் வைத்தும் எடுத்தார்கள். உழவுக்கு அது தேவை, ஏரிக்கும் நல்லது. ஆனால் நாம் தேடும் 1952 கோடு அந்த வயலில் உழுபட்டுக் கிடக்கும். நீர்வளத் துறையின் (2021 வரை பொதுப்பணித் துறை) தூர்வாரிய பதிவைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

#13 ஆரணிக்கரை

கரித்துகள் பற்றி யாரும் தொடவில்லை. கிராஃபோர்டில் புளூட்டோனியத்துக்குத் துணைச் சாட்சி கோளக் கரித்துகள்தான். நிலக்கரியும் எண்ணெயும் தொழிற்சாலை வெப்பத்தில் எரியும்போது மட்டுமே பிறக்கும் சிறு உருண்டைகள். இயற்கையில் வேறு வழியில் உண்டாவதில்லை. நீல் ரோஸ் 2015-இல் உலகின் பல ஏரிகளைத் தொகுத்து, இவை 1950-ஐ ஒட்டித்தான் திடீரென ஏறுகின்றன என்று காட்டினார்.

பழவேற்காட்டில் இது 1950-இல் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எண்ணூரில் முதல் அனல் மின் நிலையம் 1970-இல் வந்தது, வடசென்னையில் 1990-களில். தென்மேற்குப் பருவக் காற்றில் அந்தப் புகை ஏரிப்பக்கம்தான் வரும். உள்ளூர் ஏற்றம் உலக ஏற்றத்தை மூடிவிடலாம். 1970-க்கு முன்புள்ள வில்லைகளில் சென்னை–கூடூர் தடத்தில் ஓடிய நீராவி வண்டிகளின் கரியும் கொஞ்சம் இருக்கும்.

பிரித்தெடுக்க நைட்ரிக், ஹைட்ரோஃபுளூரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் வரிசையாக. நடுவில் உள்ளதை வீட்டிலோ பள்ளியிலோ தொடவே கூடாது. தோலில் பட்டால் முதலில் வலிக்காது, எலும்புவரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சியும் உள்ள ஆய்வகத்தில் மட்டும். நுண்ணோக்கியில் 400 மடங்கில் எண்ணலாம். கருத்த உருண்டை, மேலே துளைகள். பனையோலை, வைக்கோல், சூளை விறகு எரிந்த கரி கோணல்மாணலாக, செல் அமைப்போடு இருக்கும். அதை எண்ணக்கூடாது. புதிதாக எண்ணுபவர்கள் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல்லின் உருண்டைகளையும் சேர்த்துவிடுவார்கள். அவை மஞ்சள் மினுமினுப்போடு ஒளியைத் திருப்பும், கரி திருப்பாது.

#14 சூளூர்ப்பேட்டை வடகரை

2004 ஆழிப்பேரலை மணல் பட்டையை அடையாளமாகப் பயன்படுத்தலாமா என்று முன்பு ஒருவர் கேட்டார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல் பட்டை கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு புயலும் ஒரு பட்டை போடும். கடலின் ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள ஒருசெல் உயிரி) ஓடுகள் இருக்கின்றனவா, பட்டை நிலம் நோக்கி மெலிகிறதா என்று மூன்று தண்டுகளிலாவது பார்த்து, ஈயம்-210 வயதும் ஒத்துவந்தால்தான் பெயர் வைக்கலாம். ஒரே தண்டில் மணலைக் கண்டதும் 2004 என்று எழுதுவது தவறு.

#15 ஜீரோபாயின்ட் ஊத்துக்கோட்டை

தமிழ்ச்சொல் பற்றி ஒரு வேண்டுகோள். சிலர் "மானிட ஊழி" என்று எழுதுகிறார்கள். ஊழி என்றதும் நம் காதில் பிரளயமும் சேர்ந்து ஒலிக்கும், அளவும் மிகப் பெரிதாகிவிடும். ஹோலோசீன், பிளைஸ்டோசீன் ஆகியவற்றின் தட்டில் வைக்க முன்மொழிந்த ஒன்றுக்கு அது பொருந்தவில்லை. நிராகரிக்கப்பட்டபின் அது எந்தத் தட்டிலும் இல்லை. பொதுப்பேச்சில் "மானுடக் காலம்" என்று சொல்லுங்கள், அடுக்கியல் எழுதும்போது ஆந்த்ரோபோசீன் என்றே வையுங்கள். இரண்டையும் கலக்காமல் இருந்தாலே செம்மண் அண்ணாவின் மனக்குறை பாதி தீரும்.

#16 அத்திரம்பாக்கம் செம்மண்

இதை ஏற்கிறேன். உழவனும் ஏரியும் மானுடக் காலத்துக்குள் வரட்டும், 1952 அதற்குள் ஒரு மட்டமாக இருக்கட்டும். ஆனால் ஹோலோசீனை மூட இன்னும் சம்மதமில்லை.

#17 ஆரணிக்கரை

சரி, வேலைக்கு வருவோம். முதல் சுற்றுக்குப் பழவேற்காடு மட்டும். தமிழ்நாட்டுப் பக்கம் மூன்று தண்டு, முகத்துவாரத்திலிருந்து தள்ளி, பாடு ஊன்றாத, கோடையிலும் வற்றாத சேற்றுப் பகுதி. எங்கே பாடு இல்லை என்பதை மீனவ ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும், வரைபடத்தில் கிடைக்காது. பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதிக்கு இப்போதே எழுத வேண்டும். ஆந்திரப் பக்கத்துக்குத் தனி விண்ணப்பம், ஸ்ரீஹரிகோட்டா ஓரம் வேண்டவே வேண்டாம். வலசைப் பறவைகள் போனபின், ஏப்ரலில்.

மூன்று தண்டிலும் முதலில் ஈயம்-210 மட்டும். உபரி சீராக இறங்கும் தண்டு ஒன்றாவது கிடைத்தால் அதில் எட்டு வில்லை புளூட்டோனியத்துக்குப் போகட்டும். எதிலும் சீராக இறங்கவில்லை என்றால் அதையே இங்கே எண்களோடு போட்டுவிட்டுத் தேக்கடிக்கு விண்ணப்பம் எழுதுவோம். குமுளிமேடு, எடைத் தண்டெடுப்பானின் எடையும் கயிற்று நீளமும் எவ்வளவு வேண்டும் என்று குறித்துவையுங்கள்.

#18 குமுளிமேடு

அணையின் பழைய பள்ளத்தாக்கு வரைபடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: மூழ்கிய மரக்கட்டைகளுக்கு நடுவே கயிறு சிக்கும். இரண்டு கயிறு கட்டுங்கள், ஒன்று தூக்க, ஒன்று சிக்கினால் பக்கவாட்டில் இழுக்க.